கொல்லர் தந்த கத்திக்குக் கடைசிக் கூர்: சாணையா, பெல்ட்டா, கல்லா?

ஆம்பூரிலிருந்து மாப்பிள்ளை வருகிறார் என்றால் அன்றைக்கு எங்கள் வேலூர் வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். பிரியாணி வந்துவிடும். சென்ற மாதம் வந்தபோது பிரியாணியோடு தினத்தாளில் சுற்றிய இன்னொரு பொட்டலமும் இருந்தது. பிரித்தால் இரண்டு கத்திகள். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறையில், லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடிக்கச் சொல்லி வாங்கியவை. ஒன்று வெங்காயமும் தக்காளியும் அரிய. எட்டு அங்குல நீளம், நாலு சென்டிமீட்டர் அகலம். இன்னொன்று கறி வெட்ட. எடுத்தாலே மணிக்கட்டு கனத்தை உணரும். விசேஷங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்பவர் அவர். கடையில் வாங்கும் கத்தி ஒரு கல்யாணத்துக்கு மேல் தாங்குவதில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை.

வேலைப்பாடு சுத்தமாக இருந்தது. கூர்தான் இல்லை. வாயோரத்தில் விரலை அழுத்தி இழுத்துப் பார்த்தேன். இரும்பு ஸ்கேலின் ஓரத்தைத் தடவியது போல இருந்தது.

"கூர் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார், மச்சான். சாணைக்காரரிடம் கொடுக்கட்டுமா, லேத் பட்டறையில் கொடுக்கட்டுமா? நீங்கள் கல்லில்தான் தேய்க்க வேண்டும் என்பீர்கள், அது தெரியும். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை."

ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரும்பைத் தேய்த்தே வயிறு வளர்த்த எனக்கும் அவர் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. காரணம், அவர் ஒரு கேள்வி கேட்டதாக நினைத்தார். அதில் இரண்டு வேலை கலந்திருந்தது. வாயோரத்தை மெலிய வைப்பது ஒரு வேலை. மெலிந்த வாயில் கூர் எடுப்பது வேறு வேலை. எந்தக் கருவி நல்லது என்ற சண்டையெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது.

முதலில் கொல்லர் ஏன் தடித்த வாயோடு கொடுத்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது சோம்பல் இல்லை. கத்தியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கும்போது, ஓரம் தாள் போல மெலிந்திருந்தால் அது முந்திக்கொண்டு குளிரும். நெளியும், சமயத்தில் வெடிப்பும் விழும். உலைச் சூட்டில் எஃகின் மேல்பரப்பிலுள்ள கரியும் (கார்பன்) கொஞ்சம் எரிந்து போகும். அந்த மேல்தோல் என்றைக்கும் கூர் பிடிக்காது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே விவரமறிந்த கொல்லர் ஒரு மில்லிமீட்டராவது விட்டுவைப்பார். தோய்த்து, வைக்கோல் நிறம் தெரியும்வரை மறுபடி இளஞ்சூடு காட்டிய பிறகு, மிச்சத்தைக் கழிப்பது யார் என்பதில்தான் பேரம்.

தடிமன் அளக்கும் என் வெர்னியர் காட்டியது இது: காய்கறிக் கத்தியின் வாய் 1.2 மில்லிமீட்டர், கறிக் கத்தி 2 மில்லிமீட்டர். வெர்னியர் இல்லாதவர்களுக்கு ஏடிஎம் கார்டு போதும். உலகத்தில் எந்த வங்கியின் கார்டானாலும் அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர் வாக்கில்தான். கார்டையும் கத்தியின் வாயையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். காய்கறிக் கத்தியின் வாய் கார்டைவிடத் தடித்திருந்தால் கைக்கல்லைத் தொடவே வேண்டாம். அது இயந்திரத்தின் வேலை. கார்டில் பாதிக்கு இறங்கிவிட்டதென்றால் இயந்திரத்தின் பக்கமே போக வேண்டாம்.

இதை மனக்கணக்காகச் சொல்லவில்லை, காகிதத்தில் போட்டே பார்த்தேன். பக்கத்துக்கு 15 டிகிரி சரிவு வைத்தால், ஒரு மில்லிமீட்டர் தடித்த வாயில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவு விழும். அரை மில்லிமீட்டர் வாயில் 1 மில்லிமீட்டர். அகலம் பாதியாகிறது, ஆனால் தேய்த்து எடுக்க வேண்டிய இரும்போ கால் பங்காகிறது. எட்டு அங்குலக் கத்திக்கு ஒன்றில் ஏறக்குறைய 190 கன மில்லிமீட்டர், மற்றதில் 47. கையால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை நாலு மணி நேரமாவது இப்படித்தான். கல்லில் தேய்த்துத் தேய்த்துத் தோள் விட்டுப்போனவர்கள் கல்லைத் திட்டுவார்கள். கல் என்ன செய்யும்? தடித்த வாயை அதனிடம் கொடுத்தது யார்?

சரி, மெலிய வைக்க எந்த இயந்திரம்? கிரைண்டர் என்றதும் என் தங்கை மாவு ஆட்டுவதை நினைத்துக்கொள்கிறாள். நான் சொல்வது கல் சுற்றும் கிரைண்டர். லேத் பட்டறைகளில் இரண்டு வகை இருக்கும். மேசையில் பொருத்திய ஆறு அங்குல பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 2850 சுற்று சுற்றும். அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கையில் பிடிக்கும் நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டரோ 11,000 சுற்று. விளிம்பு நொடிக்கு 58 மீட்டர். அந்த வேகத்தில் வாயோரத்தைக் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

பல ஆண்டுகளுக்கு முன்பு, முதன்முதலாக நானே ஒரு கத்தி செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளாகச் சேர்த்து நாலு மாதம். எல்லாம் முடிந்து கடைசித் தேய்ப்பு மட்டும் பாக்கி. பக்கத்தில் மக்கில் தண்ணீர் வைத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டுத்தான் தேய்த்தேன். நுனிப் பக்கம் வளைவு வரும் இடத்தில் கை ஒரு கணம் தயங்கியது. அவ்வளவுதான். வாயோரத்தில் ஒரு மஞ்சள் கோடு ஓடியது, அது பழுப்பாயிற்று, பழுப்பிலிருந்து மயில்கழுத்து நிறம், நீலம். நான் மூச்சு விடுவதற்குள் எல்லாம் முடிந்தது. தண்ணீரில் அமுக்கினேன், 'சுர்' என்றது. பிழைத்துக்கொண்டது என்று நினைத்தேன். உண்மையில் அந்த நீலம் வந்தபோதே அந்த இடம் செத்துவிட்டது. வைக்கோல் நிறம் என்றால் 220 டிகிரி வாக்கில், பழுப்பு 260, நீலம் 300. இருநூற்று இருபது டிகிரியில் பதம் பார்த்து வைத்த எஃகு முந்நூறைத் தொட்டால் பதம் இறங்கும், அதாவது கடினம் குறையும்; பிறகு தண்ணீரில் அமுக்குவது சூட்டைத்தான் இறக்கும், இறங்கிய பதத்தை ஏற்றாது. அந்தக் கத்தியில் கட்டைவிரல் நீளத்துக்கு நுனி மட்டும் எப்போதும் முதலில் மழுங்கும். கடைசியில் மூன்று மில்லிமீட்டர் தேய்த்துக் கழித்த பிறகுதான் அடியில் உயிருள்ள எஃகு வந்தது.

ஓரம் மெலிய மெலிய இந்த ஆபத்து கூடும். தடித்த இடத்தில் சூடு உள்ளே பரவிப் போக வழி இருக்கிறது. நூல் போன்ற ஓரத்தில் போக்கிடம் இல்லை. விரல் வைத்திருக்கும் இடம் சில்லென்று இருக்கும்போதே ஓரம் வெந்திருக்கும். விரலை நம்ப முடியாது.

இந்த இடத்தில் சைக்கிள் சாணைக்காரருக்கு நியாயம் செய்ய வேண்டும். கத்தியைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லாரும் அவரைக் கேலி செய்கிறார்கள். அந்தக் காலத்துச் சாணை குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்து வார்த்தது. அரக்கு சூடு தாங்காது, இளகிவிடும். அதனாலேயே அந்தச் சாணையில் கத்தியை வேகவைக்க வழியில்லை. இன்றைய கல் களிமண் பிணைப்பில் சூளையில் சுட்டது. கத்தி சிவந்தாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெடல் மிதித்துச் சுற்றும் சாணை மோட்டார் வேகத்தை எட்டாது. மொபெட்டில் மோட்டார் கட்டிக்கொண்டு வருபவரைவிட, மூச்சு வாங்க மிதிக்கும் பெரியவரிடம் கத்திக்கு ஆபத்து குறைவு. கத்தரிக்கோலுக்கு அவர்தான் சரி. கத்தரிக்கோலின் கோணம் அவர் கைக்கு மனப்பாடம். அரிவாள்மனைக்கும் அவரே போதும்.

புதுக்கத்திக்குத்தான் அவர் வேண்டாம் என்கிறேன். அவர் பிழைப்பு வேகத்தில் இருக்கிறது. தெருவில் நின்று, கேட்ட காசுக்கு இரண்டு நிமிடத்தில் கூர் காட்ட வேண்டும். ஒன்றே கால் மில்லிமீட்டர் வாயை மெலிய வைக்க அவருக்கு நேரமும் இல்லை, அந்தக் கூலியை நாம் கொடுக்கப் போவதும் இல்லை. ஓரத்தை மட்டும் செங்குத்தாக ஒரு சீவு சீவிக் கொடுப்பார். கட்டைவிரலில் வைத்துப் பார்த்தால் பிடிக்கும். வெங்காயத்தில் வைத்தால் பிளக்கும், அரியாது. கூர் இருந்தும் கத்தி உள்ளே இறங்காமல் ஆப்பு போல நிற்பது அதனால்தான்.

ஆங்கிள் கிரைண்டரை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்: தோய்ப்பதற்கு முன்னால் வடிவம் எடுக்க அது நல்ல வேலைக்காரன், தோய்த்த பிறகு வாயோரத்தில் அது எமன். உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய தட்டு போட்டாலும் அதே கதைதான், கொஞ்சம் மெதுவாக.

மிச்சம் பெல்ட் கிரைண்டர். உப்புத்தாள் நாடா இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓடும். கல்லைவிடக் குளிர்ச்சியாக வெட்டும், புது நாடாவாக இருந்தால். நாடா தேய்ந்ததென்றால் வெட்டாது, உரசும், உரசினால் சூடு. காசை மிச்சம் பிடிக்கப் பழைய நாடாவில் தேய்த்துக் கத்தியைச் சுடுபவர்கள் உண்டு. கத்தியின் மேல் முழுச்சரிவையும் சீராக இறக்க இதற்கு இணை இல்லை. கையுறை போடாமல் வெறுங்கையால் பிடித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முறை தண்ணீரில் முக்கி, ஓரத்தில் ஒட்டிய நீர்த்துளி கொதிக்கும் முன்பே நாடாவை விட்டு எடுத்துவிட வேண்டும். துளிதான் தெர்மாமீட்டர்.

மாப்பிள்ளைக்கு இங்கே ஒரு யோசனை வந்தது. ஆம்பூரில் ஷூ அடிப்பாகம் தேய்க்கும் சிறு பட்டறைகளில் உப்புத்தாள் சுற்றிய உருளை உண்டு. தெரிந்தவரிடம் கேட்டால் ஐந்து நிமிட வேலை என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்த உருளை நல்ல உருளைதான். ஆனால் அது தோலும் ரப்பரும் தேய்க்க இருப்பது. இரும்பு பட்டால் பொறி பறக்கும். உருளைக்கு அடியில் தோல்தூள் குவிந்திருக்கும், பக்கத்து மேசையில் ஒட்டும் சொல்யூஷன் டின் திறந்திருக்கும். கத்திக்குக் கூர் வைக்கப் போய் ஒருவருடைய பட்டறைக்குத் தீ வைப்பானேன்?

தண்ணீர்த் தொட்டியில் மெதுவாகச் சுற்றும் பெரிய சாணை என்று ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று, சூடே ஏறாது. தொழிலாகச் செய்பவர்களுக்கு ஏற்றது. இரண்டு கத்திக்காக அந்த விலை கொடுப்பது நாலு இட்லிக்காக மாவு மில் வைப்பது போல.

ஆக, மெலிய வைக்கத் தண்ணீரோடு பெல்ட். சத்துவாச்சாரிப் பக்கம் பெல்ட் கிரைண்டர் வைத்திருக்கும் ஒரு பட்டறையில் கொடுத்தோம். கூர் வைக்க வேண்டாம், காய்கறிக் கத்தியின் வாய் அரை மில்லிமீட்டருக்குக் கீழே, கறிக் கத்தியின் வாய் ஒரு மில்லிமீட்டர், அவ்வளவில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கத்தியைக் கொடுத்து மொன்னையாகத் திருப்பிக் கொடு என்று கேட்பவன் அவருக்குப் புதிது.

இனிமேல் கல். வேலூரில் இதைச் சொல்லும்போது ஒரு வேடிக்கை: கல்லுக்குத் தண்ணீர் வேண்டும், பாலாற்றில் அது வருவதோ எப்போதாவது. நல்லவேளை, கத்திக்கு ஒரு சொம்பு போதும்.

ஹார்டுவேர் கடையில் தச்சர்கள் வாங்கும் இரட்டைக் கல் கிடைக்கும். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைசு. கார்போரண்டம் கல். சிலிக்கன் கார்பைடு என்ற இந்தச் சரக்கு 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் வேறெதையோ செய்யப்போய்த் தற்செயலாகக் கண்டுபிடித்தது. இன்று வரைக்கும் தச்சர்கள் உளியை இதில்தான் தீட்டுகிறார்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஜப்பானியத் தண்ணீர்க்கல், ஆயிரமும் மூவாயிரமும் எண் போட்டது (எண் கூடக் கூட நைசு), இணையத்தில் வரவழைக்கலாம். விலை கூடுதல், வெட்டும் விதம் இனிமை. ஸ்பிரிங் பட்டை எஃகில் கரி 0.6 சதவீதம் வாக்கில்தான். இதற்கு ஆயிரம் எண் கல் தாராளம். ஆறாயிரம், எட்டாயிரம் என்று ஏறிக்கொண்டே போவது கண்ணாடி பார்க்க உதவும். தக்காளித் தோலுக்கும் கறியின் ஜவ்வுக்கும் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பல் கொஞ்சம் வேண்டும். வழுவழுப்பாக்கினால் தக்காளியில் வழுக்கும்.

கல்லுக்குக்கூடச் செலவு செய்ய விருப்பமில்லையா? சமையலறையில் கடப்பைக்கல் மேடை இருக்கும். சமமான இடமாகப் பார்த்துத் தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, ஒட்டவையுங்கள். 400, 800, 1200. கத்தியின் முதுகு முன்னே போக, வாய் பின்னே வரும்படி இழுக்க வேண்டும். திருப்பித் தள்ளினால் தாள் கிழியும். எனக்கு இதில் ஒரு குறைதான்: தாள் லேசாக மெத்தென்று இருப்பதால் ஓரம் சற்று உருண்டுவிடும். ஒரு கத்திக்கு இது போதும். ஆண்டுக் கணக்காகச் செய்யப்போகிறவர் கல் வாங்கட்டும்.

கோணம் பற்றி ஆளுக்கொரு மந்திரம் சொல்வார்கள். எளிய வழி இருக்கிறது. தாளின் மூலையை ஒரு மடிப்பு மடித்தால் 45 டிகிரி, இரண்டாவது மடிப்பில் 22.5. கறிக் கத்திக்கு அதைவிடச் சற்றுத் தூக்கலாக, 25. காய்கறிக் கத்திக்கு 15. நாலு சென்டிமீட்டர் அகலக் கத்தியின் முதுகை கல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கினால் 15 டிகிரி கிடைத்துவிடும். என் சுண்டுவிரல் நுனி அந்த உயரம். முதலில் அதை அடியில் வைத்து அளந்துகொண்டு, பிறகு எடுத்துவிட்டுக் கையை அதே உயரத்தில் நிறுத்துவேன். வாயோரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்புக் கோடு போட்டுவிட்டு நாலு இழுப்பு இழுத்தால், மை எங்கே போயிருக்கிறது என்பது நம் கையின் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். முதுகுப் பக்க மை போயிருந்தால் படுக்க வைத்துவிட்டோம். ஓர நுனி மட்டும் போயிருந்தால் தூக்கிவிட்டோம்.

மாப்பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்துச் செய்யச் சொன்னேன். ஈரச்சாக்கின் மேல் கல். முதல் பத்து இழுப்புக்குச் சத்தம் கரகரவென்று இருந்தது. கத்தியின் பழைய ஓரமும் கல்லும் சண்டை போடும் சத்தம். ஐந்து நிமிடம் கழித்துச் சத்தம் மாறியது. பட்டுத்துணியை இழுப்பது போல ஒரே சீரான ஓசை. கல்லின் மேல் கறுத்த சேறு சேர்ந்தது. அதைக் கழுவ எழுந்தவரைத் தடுத்தேன். அந்தச் சேறுதான் பாதி வேலை செய்கிறது. இன்னும் கொஞ்ச நேரம். பிறகு கத்தியைத் திருப்பி, தேய்க்காத பக்கத்தில், முதுகிலிருந்து ஓரத்தை நோக்கிக் கட்டைவிரலை மெல்லத் தடவச் சொன்னேன். ஓரம் தாண்டும்போது அவர் விரல் நின்றது.

"ஏதோ மயிர் மாதிரி தட்டுகிறது, மச்சான்."

அதுதான் பிசிறு. ஒரு பக்கத்து இரும்பு தேய்ந்து ஓரத்தைக் கடந்து மறுபக்கம் மடிந்து நிற்பது. பிடியிலிருந்து நுனி வரை அது தொடர்ந்து தட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். நடுவில் ஓரிடம் தட்டவில்லை என்றால் அங்கே இன்னும் கூர் பிறக்கவில்லை. கூர் வைக்கத் தெரியாதவர்கள் எல்லாரும் தவறுவது இங்கேதான். பிசிறு வருவதற்கு முன்பே பக்கம் மாற்றிவிடுவார்கள், அல்லது பிசிறு வந்ததையே கூர் என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். பிசிறோடு நிற்கும் கத்தி அன்றைக்குத் தாளைக் கிழிக்கும், மயிரை எடுக்கும்; மறுநாள் பத்து வெங்காயத்தில் பிசிறு உதிர்ந்து மொட்டையாகிவிடும். சாணை பிடித்த கத்தி இரண்டே நாளில் மழுங்குகிறது என்று வீடுகளில் சொல்வது பெரும்பாலும் இதுதான். மறுபக்கமும் அதே அளவு தேய்த்து, பிறகு பக்கத்துக்குப் பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் சொந்தக் கனம் மட்டும் கல்லில் விழும்படி நாலு இழுப்பு.

மிச்சப் பிசிறை எடுக்கத் தோல். இந்த ஊரில் பிறந்ததற்கு ஒரு லாபம் இது. நானிருப்பது வேலூர், மாப்பிள்ளை ஊர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம், நான் வேலை பார்த்த இடம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். பழைய வட ஆற்காடு எத்தனை துண்டானாலும் பதனிட்ட தோல் எந்தத் துண்டிலும் கிடைக்கும். ஆனால் எல்லாத் தோலும் உதவாது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இழுபடும். கத்தி அழுந்தும்போது மேலெழும்பி ஓரத்தைச் சுற்றி வளைந்து, எடுத்த கூரை உருட்டிவிடும். வெட்டுவாயைப் பார்த்தால் உள்ளே நீலச்சாயல் தெரியும், அதை விட்டுவிடுங்கள். பட்டைச்சாற்றில் பதனிட்ட தோல் கெட்டியாக இருக்கும், பழுப்பு நிறம், மடித்தால் எதிர்த்து நிற்கும். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டது இந்தப் பக்கத்துப் பழைய தொழில். அந்தத் தோலின் வெட்டுத்துண்டு ஒரு முழம் வாங்கி, பலகையில் சொரசொரப் பக்கம் மேலே இருக்கும்படி ஒட்டி, பாத்திரத்துக்கு பஃப் போடும் பச்சைக் கட்டியைத் தேய்த்துக்கொண்டால் தீர்ந்தது. பச்சை நிறம் குரோமியம் ஆக்சைடு. வேண்டாம் என்று ஒதுக்கிய குரோம் வேறு உருவத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது! பக்கத்துக்குப் பத்து இழுப்பு, முதுகு முன்னே போகும்படி. நாவிதர் சவரக்கத்தியை வாரில் இழுப்பதும், பனையேறிகள் பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவதும் இதே வேலைதான். புது வித்தை ஒன்றுமில்லை.

கூர் பார்க்க நான் கையிலுள்ள மயிரைச் சிரைத்துக் காட்டுவதில்லை. அது வித்தை காட்டுவது. முதலில் விளக்கு வெளிச்சத்தில் ஓரத்தை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடிக்க வேண்டும். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான இடம் ஒன்றும் தெரியாது. பிறகு சமையலறை. அன்றைக்கு வீட்டில் இலவம்பாடி முள்ளுக்கத்தரி இருந்தது. கத்தரித்தோல் கத்திக்கு நல்ல பரீட்சை. மழுங்கல் கத்தியானால் தோல் குழிந்து, பிறகு 'பொத்' என்று உடையும். மாப்பிள்ளை கத்தியை வைத்தார், இழுத்தார். காய் இரண்டாக விழுந்தது. என் தங்கை பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தக் கத்தியைக் கல்யாண வேலைக்கெல்லாம் கொடுக்க வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்" என்றாள். நடக்கவில்லை, கத்தி ஆம்பூர் போய்விட்டது.

கறிக் கத்திக்கு வேறு கணக்கு. அது புளியங்கட்டையில் எலும்போடு இறங்குவது. அதற்கு மெலிந்த ஓரம் எதிரி. கல்லில் 25 டிகிரியில் சரிவு எடுத்து, பிறகு வேண்டுமென்றே முதுகைச் சற்று உயர்த்தி நாலு இழுப்பு கூடுதலாக இழுத்து, ஓரத்தின் பின்பக்கத்தை உருண்டை வாட்டத்தில் விட்டேன். நைசுக் கல்லுக்குப் போகவில்லை. இந்த ஒரு கத்திக்கு, இனி வரும் நாட்களில் சாணைக்காரரிடம் கொடுத்தாலும் குடிமுழுகாது. தடித்த ஓரம், சூடு போக வழியுண்டு. நுனியிலிருந்து பிடிவரை நிற்காமல் ஓட்டச் சொல்லுங்கள், ஒரே இடத்தில் வைத்து அழுத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் வாரம் மாப்பிள்ளையிடமிருந்து தொலைபேசி. கறிக் கத்தியின் ஓரம் மடிந்துவிட்டதாம்.

கொண்டுவரச் சொன்னேன். ஓரம் கெடுவதில் இரண்டு விதம் உண்டு. பல் பல்லாகத் தெறித்திருந்தால் எஃகு முறுகல், அல்லது நாம் ஓரத்தை அளவுக்கு மீறி மெலிய வைத்துவிட்டோம். கோணத்தைக் கூட்ட வேண்டும். மடிந்திருந்தால் எஃகு மெது. முழு நீளமும் மடிந்திருந்தால் கொல்லரிடம் திருப்பிக் கொண்டுபோய் மறுபடி தோய்க்கச் சொல்வதுதான் வழி, எந்தக் கல்லும் உதவாது. இவர் கத்தியில் பிடியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் மடிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் அப்படியே.

பழைய ஃபிட்டர் புத்தி, அரத்தை எடுத்தேன். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் நல்ல அரம் 62-க்கு மேல். பதமான கத்தி 58 வாக்கில். அரத்தின் மூலையை நுனிப் பக்கம் வைத்துத் தள்ளினேன். கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கியது. நடுவில் வைத்தேன், வழுக்கியது. மடிந்த இடத்தில் வைத்ததும் கடித்தது. பெல்ட் பட்டறையில் அந்த இடத்தில் நாடா ஒரு கணம் நின்றிருக்கிறது. பிறகு மேலே பளபளப்பாகத் தேய்த்துவிட்டதால் நீலம் எனக்குத் தெரியவில்லை. கத்தி வந்த அன்றே அரத்தை ஓட்டிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

கரடுக் கல்லில் வைத்து ஓரத்தை இதுவரை அரை மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். அரம் இன்னும் லேசாகக் கடிக்கிறது. இந்த மாத முகூர்த்தங்கள் முடியும்வரை அவசரத்துக்கு வேலை செய்யட்டும் என்று 30 டிகிரியில் ஓர் ஓரம் எடுத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஆடி பிறந்தால் கல்யாணங்கள் நிற்கும். அப்போது கத்தி திரும்பி வரும், மிச்ச அரை மில்லிமீட்டரையும் கழித்துவிடலாம்.